சொந்த போனில் அலுவலக வேலை: காவல் யார் பொறுப்பு?

(தொழில்முனைவோரும் ஊழியர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிறுவனம் நடத்துகிறவர்களும் அங்கே வேலை பார்க்கிறவர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் கூட்டம் இது. அதனால் இரண்டு தரப்புக்கும் நடுவில் தீராமல் கிடக்கிற ஒரு விஷயத்தையே பேச எடுத்துக்கொண்டேன். ஊழியர் கைக்காசு போட்டு வாங்கிய போனிலும் லேப்டாப்பிலும் அலுவலக வேலை பார்க்கிறார். வேலையோடு சேர்ந்து அலுவலகத்தின் தகவலும் வாடிக்கையாளரின் தகவலும் அந்தக் கருவிக்குள் வந்து தங்கிவிடுகின்றன. அதற்குக் காவல் யார்? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை வாங்குகிறவர்தான் காவல். ஊழியருக்கும் கடமை உண்டு. அது இரண்டாவதாக வருகிறது. இப்படி நான் சொல்வதற்குக் காரணமான நிகழ்விலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் லாஸ்ட்பாஸ் என்று ஒரு நிறுவனம். மக்களின் பாஸ்வேர்டுகளை ஒரே பெட்டகத்தில் பூட்டிக் காப்பதுதான் அதன் தொழில். உலகம் முழுக்க மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதில் கணக்கு வைத்திருந்தார்கள். 2022 ஆகஸ்டில் அதன் மென்பொருள் உருவாக்கும் பகுதிக்குள் யாரோ நுழைந்து, நிரல்களையும் சில தொழில்நுட்பக் குறிப்புகளையும் எடுத்துப் போனார்கள். வாடிக்கையாளர் தகவல் எதுவும் போகவில்லை என்று நிறுவனம் அறிவித்தது. ஆனால் எடுத்துப் போனவர்கள் சும்மா இருக்கவில்லை. வாடிக்கையாளர் பெட்டகங்களின் காப்புப் பிரதிகள் அமேசானின் கிளவுட் கிடங்கில் இருந்தன. அவற்றைத் திறக்கும் குறியாக்கச் சாவிகளை எட்டக்கூடியவர்கள் மொத்த நிறுவனத்திலும் நான்கே நான்கு பொறியாளர்கள். அந்த நால்வரில் ஒருவரைக் குறி வைத்தார்கள். அவருடைய அலுவலகத்தை விட்டுவிட்டு வீட்டுக் கணினிக்குப் போனார்கள்.

அந்தக் கணினியில் சினிமாவும் பாட்டும் சேமித்து வைத்துப் பார்க்க உதவும் ஒரு மென்பொருள் இருந்தது. அது பிளெக்ஸ் என்று செய்திகள் வந்தன. பிளெக்ஸ் நிறுவனமும் பிறகு விளக்கம் கொடுத்தது: அந்த ஓட்டையை 2020 மே மாதமே அடைத்துவிட்டோம், அதன்பின் சுமார் 75 பதிப்புகள் வந்துவிட்டன, அந்த ஊழியர் தம் கணினியில் புதுப்பிக்கவே இல்லை என்று. இரண்டு வருடத்துக்கு மேல் திறந்து கிடந்த அந்த ஓட்டை வழியாக, விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் பதிவு செய்யும் நிரல் ஒன்றை உள்ளே வைத்தார்கள். பொறியாளர் முறைப்படி இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை முடித்தார். தம் முதன்மை பாஸ்வேர்டைத் தட்டினார். தட்டிய ஒவ்வொரு எழுத்தும் அவர்களுக்குப் போனது. பிறகு அவருடைய அலுவலகப் பெட்டகத்தையே திறந்து உள்ளே போனார்கள்.

வாடிக்கையாளர் பெட்டகங்களின் பிரதிகளே களவு போய்விட்டன என்று 2022 டிசம்பர் 22 அன்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. பாஸ்வேர்டுகள் குறியாக்கத்தில் இருந்தன. ஆனால் எந்தெந்த இணையதளத்தில் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் திறந்தபடியே இருந்தன. வீட்டுக் கணினியின் கதை வெளியே வர 2023 பிப்ரவரி கடைசி ஆயிற்று.

புதுப்பிக்காத பொறியாளரைத் திட்டுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாவி நால்வருக்கு மட்டும் என்று கட்டுப்பாடு வைத்த நிறுவனம், அந்தச் சாவியை எந்தக் கணினியிலிருந்து தொடலாம் என்பதற்கு ஏன் கட்டுப்பாடு வைக்கவில்லை? நிறுவனம் கொடுத்த, நிறுவனம் பராமரிக்கிற கணினியிலிருந்து வந்தால் மட்டுமே திற என்று கிளவுட் சேவைக்குக் கட்டளையிட 2022-இல் எல்லா வசதியும் இருந்தது. அந்த ஒரு கட்டளை இருந்திருந்தால், வீட்டுக் கணினியில் எத்தனை பழைய மென்பொருள் இருந்தாலும் அது அந்தக் குடும்பத்தின் பிரச்சினையாக மட்டும் நின்றிருக்கும். நால்வரில் ஒருவர் வீட்டில் என்ன ஓடுகிறது என்று தெரியாத நிலையில் கோடிக்கணக்கானவர்களின் பெட்டகத்தை நிறுத்தி வைத்தது நிர்வாகம். குற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

இது எங்கோ ஒரு முறை நடந்தது என்று விட்டுவிட முடியாது. அதே 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவர் புகுந்தார். ஒப்பந்த ஊழியர் ஒருவரின் சொந்தக் கருவியில் நச்சு நிரல் ஏறி, அவருடைய ஊபர் பாஸ்வேர்டு கள்ளச் சந்தையில் விலைக்குப் போயிருக்க வேண்டும் என்று ஊபரே சொன்னது. 2024-இல் ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் தரவுச் சேவையின் வாடிக்கையாளர்கள் வரிசையாக அடிபட்டார்கள். டிக்கெட்மாஸ்டரும் ஏடி அண்ட் டி-யும் அதில் அடக்கம். ஆபத்தில் சிக்கியிருக்கலாம் என்று எச்சரிக்கப்பட்ட நிறுவனங்கள் சுமார் 165. விசாரித்த மாண்டியன்ட் நிறுவனம் ஒரு விவரம் சொன்னது. சில இடங்களில் பாஸ்வேர்டு திருடப்பட்டது ஒப்பந்த ஊழியர்களின் கணினியிலிருந்து. அதே கணினியில் கேம் விளையாடியிருக்கிறார்கள், திருட்டு மென்பொருள் இறக்கியிருக்கிறார்கள். 2020 நவம்பரில் களவு போன பாஸ்வேர்டுகள்கூட அதில் இருந்தன. அவை 2024 வரை மாற்றப்படாமலே இருந்தன. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் கிடையாது.

இந்தத் திருட்டு நிரல்களைத் துறையில் இன்ஃபோஸ்டீலர் என்கிறார்கள். இது எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கல்லூரியில் படிக்கும் பையன் ஒரு கேமின் கிராக் வெர்ஷனைத் தேடி இறக்குகிறான். வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். அதில்தான் அப்பா அலுவலக மெயில் பார்க்கிறார். நிரல் ஓடுவது சில நிமிடம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், கார்டு விவரங்கள், குக்கீகள் எல்லாவற்றையும் வாரிக் கட்டி வெளியே அனுப்பிவிடுகிறது. பல சமயம் தன்னைத் தானே அழித்தும் கொள்கிறது. கணினி மெதுவாகாது, திரையில் எச்சரிக்கை வராது. வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

இதில் பெரிய ஆபத்து குக்கீதான். நீங்கள் பாஸ்வேர்டும் ஓடிபியும் போட்டு ஒருமுறை உள்ளே போனதும், 'இவர் வந்தாயிற்று' என்று அந்தத் தளம் உங்கள் பிரவுசரில் ஓர் அடையாளத்தை வைக்கிறது. மறுநாள் ஓடிபி கேட்காமல் நேராகத் திறப்பது அதனால்தான். அந்த அடையாளம் திருடன் கைக்குப் போனால் அவனிடமும் ஓடிபி கேட்காது. ஆகவே பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், கவலை இல்லை என்று உட்காரக் கூடாது. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று என்ற பொத்தானையும் அழுத்த வேண்டும். லும்மா என்ற ஒரே ஒரு திருட்டு நிரல், 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை இரண்டே மாதத்தில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்தது. அவற்றில் எத்தனை வீட்டுக் கணினி, எத்தனை அலுவலகக் கணினி என்று பிரிப்பதற்கே இன்று பொருள் இல்லை, இரண்டும் ஒன்றாகிவிட்டன.

சொந்தக் கருவியைத் தடை செய்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு 2023 அக்டோபரில் ஆக்டா நிறுவனத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மற்ற நிறுவனங்களுக்கு லாகின் பாதுகாப்பு விற்கிற நிறுவனம் அது. அங்கே ஊழியர் நிறுவனம் கொடுத்த லேப்டாப்பில்தான் வேலை பார்த்தார். ஆனால் குரோம் பிரவுசரில் தம் சொந்தக் கூகுள் கணக்கைத் திறந்து வைத்திருந்தார். அலுவலகத்தின் ஒரு சேவைக் கணக்கின் பாஸ்வேர்டு அவருடைய சொந்தக் கூகுள் கணக்கில் போய்ச் சேமிப்பாயிற்று. அவருடைய கணக்கோ, அவருடைய சொந்தக் கருவியோ உடைந்த வழியில்தான் அது வெளியே போயிருக்க வேண்டும் என்றது ஆக்டா. லேப்டாப் அலுவலகத்துடையது, காவலும் அலுவலகத்துடையது. பாஸ்வேர்டு மட்டும் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விட்டது. கருவியைப் பிரித்தால் போதாது, கணக்கையும் பிரிக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பெரிய ஐடி நிறுவனங்கள் மேசைக் கணினிகளையே வண்டியில் ஏற்றி ஊழியர் வீட்டுக்கு அனுப்பின. சிறிய அலுவலகங்களுக்கு அந்த வசதி இல்லை. உங்கள் போனிலேயே பாருங்கள் என்றார்கள். தொற்று போய்விட்டது, ஏற்பாடு மட்டும் அப்படியே நிற்கிறது.

ஜூலை மாதம் ஏதாவது ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யச் சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக 31-ஆம் தேதி கெடு. வாடிக்கையாளர்கள் பான் கார்டு, ஆதார், ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் உதவியாளரின் சொந்த நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். "சார், உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க" என்று அவர் கேட்கிறார். முகம் தெரியாதவருக்கு ஓடிபி சொல்லாதே என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்கிறோம். இந்தப் பக்கம் சொல்லப் பழக்குகிறோம். அந்த உதவியாளர் நேர்மையானவர், கெட்டிக்காரி. அவர் போனில் என்ன நடக்கிறது? வந்த படங்கள் தானாகவே கேலரியில் இறங்குகின்றன. பேக்கப் போட்டிருந்தால் கேலரியில் இருப்பது கூகுள் போட்டோஸிலும் ஏறுகிறது. அதே கூகுள் கணக்கு வீட்டில் பிள்ளைகளின் டேப்லெட்டிலும் திறந்திருக்கிறது. கேலரியைப் பார்க்கவா என்று ஏதோ ஒரு கடன் ஆப் கேட்கிறது; அவசரத்தில் சரி என்று தட்டிவிடுகிறார்கள். அடுத்த வருடம் அவர் வேறு வேலைக்குப் போகிறார். போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதிது வாங்குகிறார். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் ஆதாரும் பானும் இப்போது எங்கே இருக்கின்றன? ஆடிட்டருக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. அனுப்பிய வாடிக்கையாளருக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

இவர்கள் யாரும் தப்பு செய்ய நினைக்கவில்லை. ஓர் அலுவலக மெயில், ஓர் அப்லோட் லிங்க், ஓர் அலுவலக நம்பர், இந்த மூன்றும் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திராது. சொந்த போனில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராத ரசீது என்றும் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்புகள் வருவதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை நிறுவிவிட்டால் போனுக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படித்து அனுப்பிவிடும். அந்த போனில் அலுவலகத்தின் வங்கிக் கணக்குக்கான ஓடிபி வருகிறதென்றால் அதுவும் போகும்.

சொந்த போனில் வாட்ஸ்அப் உரையாடலை விட்டுவைத்ததற்கு வேறொரு விதத்திலும் விலை உண்டு. 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையமும் முன்பேரச் சந்தை ஆணையமும் கோல்ட்மேன் சாக்ஸ், மார்கன் ஸ்டான்லி போன்ற பெரிய நிறுவனங்கள் மீது மொத்தம் 180 கோடி டாலருக்கு மேல் அபராதம் போட்டன. யாரும் எதையும் திருடவில்லை. ஊழியர்கள் தொழில் பேச்சைச் சொந்த போனில் பேசினார்கள், நிறுவனத்திடம் பதிவு இல்லை, அவ்வளவுதான் குற்றம். கண்காணிக்க வேண்டிய மேலதிகாரிகளும் அதையே செய்திருந்தார்கள். விதி எழுதுகிற முதலாளி தன் போனுக்கும் அதே விதியைப் போட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்போது ஊழியர் பக்கம். "கம்பெனி ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று எச்ஆர் சொன்னால் ஊழியருக்குப் பயம் வருகிறது. என் போட்டோவைப் பார்ப்பார்களா, நான் எங்கே போகிறேன் என்று பார்ப்பார்களா, வேலையை விட்டால் போனையே அழித்துவிடுவார்களா? இந்தப் பயம் வீண் பயம் இல்லை. பழைய ஏற்பாடுகளில் அலுவலக மெயிலை போனில் சேர்த்தாலே, முழு போனையும் தொலைவிலிருந்து துடைத்துவிடும் அதிகாரம் அலுவலகத்துக்குப் போய்விடும். குழந்தையின் முதல் படமும் அப்பாவின் கடைசிக் குரல் பதிவும் இருக்கிற கருவி அது. அதன் மேல் அப்படியொரு அதிகாரத்தைக் கையெழுத்து வாங்கிக்கூட ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எடுத்துக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே ஒர்க் ப்ரொஃபைல் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரே வீட்டுக்குள் தனி வாசல் வைத்து விட்ட போர்ஷன் மாதிரி அது. அலுவலக ஆப்கள் ஒரு சிறிய கைப்பெட்டிச் சின்னத்தோடு தனியாக நிற்கும். அலுவலகக் கோப்பு இந்தப் பக்கத்து வாட்ஸ்அப்புக்கு வராதபடி நிறுவனம் தடுக்கலாம். இந்தப் பக்கத்துப் படம் அலுவலகத்துக்குத் தெரியாது. வேலையை விட்டால் அந்தப் பகுதி மட்டும் அழியும். மாலையில் ஒரு தட்டலில் அதை அணைத்து வைக்கவும் முடியும். ஐபோனிலும் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் இதே நோக்கில் ஓர் ஏற்பாடு உண்டு. அதில் முழு போனையும் அழிக்கும் அதிகாரம் நிறுவனத்துக்குக் கிடையாது. நீங்கள் மெயிலுக்காக ஏற்கெனவே பணம் கட்டும் கூகுள், மைக்ரோசாஃப்ட் திட்டத்தில் போன் மேலாண்மை வசதி இருக்கிறதா என்று உங்கள் ஐடி ஆளைக் கேளுங்கள். பல அலுவலகங்களில் அது திறக்கப்படாமலே கிடக்கிறது.

போன் பழசானால் இதெல்லாம் நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன போனில் அலுவலகத் தகவலை வைக்கக் கூடாது. கணினிக்கும் இதே விதிதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பல வீடுகளில் இன்னும் அதுதான் ஓடுகிறது. புதிது வாங்கு என்று 18,000 ரூபாய் சம்பளக்காரரிடம் சொல்வது நியாயமா? கலிஃபோர்னியாவில் 2014-இல் ஒரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வேலைக்காகச் சொந்த போனைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், பில்லில் நியாயமான ஒரு பங்கை முதலாளி கொடுக்க வேண்டும். ஊழியருக்குக் கூடுதல் செலவே ஆகாத திட்டமாக இருந்தாலும் கொடுக்க வேண்டும். நம் சட்டம் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் நியாயம் அதேதான். அந்தப் போனால் முதலாளிக்கு ஒரு கருவியின் விலை மிச்சமாகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பகுதி ஊழியருக்குத் திரும்ப வர வேண்டும். பணத்தையும் கொடுக்காமல் கட்டுப்பாட்டை மட்டும் விதித்தால், ஊழியர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைத்தான் தேடுவார்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2023-இல் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. தகவலைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. அந்தக் கடமையைச் சட்டம் சுமத்துவது, தகவலை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கிற நிறுவனத்தின் மேல். ஊழியரின் போன் தொலைந்தது, அவரைக் கேளுங்கள் என்று கைகாட்டித் தப்ப முடியாது.

இன்னொரு விதி ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை இணையத் தாக்குதல்களை நிறுவனம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 6 மணி நேரம் என்பது மிகக் குறைவு. சனிக்கிழமை இரவு தப்பான லிங்க்கைத் தொட்ட ஊழியர், திட்டு விழும், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயந்து திங்கள்கிழமை வரை வாயைத் திறக்காவிட்டால், அந்த ஒன்றரை நாளும் திருடனுக்குச் சொந்தம். நான் சொன்ன எல்லா ஏற்பாட்டையும்விட, ஊழியர் பயமில்லாமல் உடனே வந்து சொல்வதுதான் அதிகம் காப்பாற்றும்.

முதலாளிகளிடம் இரண்டு வேலை கேட்கிறேன். கடந்த ஒரு வருடத்தில் உங்களிடமிருந்து விலகிப் போனவர்களின் பட்டியலை எடுங்கள்; அவர்களில் யாருடைய போனில் உங்கள் மெயிலும் டிரைவும் வாட்ஸ்அப் குழுவும் இன்னும் திறந்திருக்கின்றன என்று பார்த்து மூடுங்கள். அடுத்தது, போன் தொலைந்தது என்றோ சந்தேகமான எதையோ தொட்டுவிட்டேன் என்றோ உடனே வந்து சொல்பவரைத் தண்டிக்க மாட்டோம் என்று எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அலுவலகத்தில் ஒட்டுங்கள்.

வேலை பார்க்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அப்படி ஏதாவது நடந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எந்த நேரமானாலும் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். பணம் போயிருந்தால் அடுத்த அழைப்பு இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு.